கல்வெட்டில் நான் சுமந்த குழந்தை

அந்தக் குழந்தையை நான் சுமக்கவில்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். சுற்றிவளைத்துத் தொடங்கினால், என்னை எனக்குத் தெரியும், இரண்டாம் பக்கத்துக்கு வருவதற்குள் அதை மறுபடியும் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிடுவேன்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் புவியியல் படிப்பித்து, கடைசியில் அதிபராக இளைப்பாறியவன். கொக்குவிலில், ரயில் போனால் யன்னல் அதிரும் தூரத்தில், மதில் கட்டிய ஒரு வளவுக்குள் நானும் மனைவியும் இருக்கிறோம். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். எங்கள் ஒழுங்கையின் கடைசியில் கனடாவில் இருக்கும் ஒருவரின் வீடு வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. போன வருடம் சில இளம் பிள்ளைகள் அதைத் திறந்து, கூட்டி, வெள்ளை அடித்தார்கள். இனப்படுகொலையில் தப்பிப் பிழைத்தவர்களின் நினைவுகளை அங்கே சேர்த்து வைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். வாசலில் ‘நினைவு இல்லம்’ என்று எழுதினார்கள். தங்களுக்குள் மியூசியம் என்றார்கள். ஒழுங்கைக்கு அது இன்றைக்கும் கனடாக்காரன் வீடுதான்.

“பழசு எல்லாத்தையும் சேர்க்கினமாம்,” என்றாள் மனைவி. “உங்களையும் கொண்டுபோய்க் குடுத்திட்டு ஒரு துண்டு எழுதி வாங்கட்டே?”

நான் சிரித்தேன். பிறகு அவர்களே என்னைத் தேடி வந்தபோது சிரிக்கவில்லை. நல்ல சேர்ட் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

வந்தவர்கள் இருவர். ஒருத்தி பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படிக்கிற பிள்ளை. அந்த இல்லத்தை நடத்துகிறவளே அவள்தான் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மற்றவன் அவளோடு படிக்கிற, அதிகம் வாய் திறக்காத ஒரு பெடியன். அவர்களுடைய வேலை முறையே அப்படித்தான். ஒருவர் கேட்பார், மற்றவர் பேசாமல் கவனித்துக் குறிப்பெடுப்பார். என்ன நடந்தது என்று அவர்கள் யாரையும் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் ஆட்கள் பேப்பரில் வாசித்ததைத் திருப்பிச் சொல்லிவிடுகிறார்களாம். அன்றைக்கு உங்கள் கையில் என்ன இருந்தது என்றுதான் கேட்பார்கள். பதிவான குரலைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோவார்கள். மாணவர்கள் அதைக் காதில் மாட்டிக் கேட்டு, கேட்டதைப் படமாகக் கீறுவார்கள். பிறகு தங்கள் வீட்டிலோ அயலிலோ உள்ள ஒருவரிடம் போய் அதே கேள்வியைக் கேட்டு வர வேண்டும்.

இந்தக் கேள்வியால் அவர்களுக்கு ஒரு சிக்கலும் வந்திருந்தது.

“எல்லாரும் சேட்டிபிக்கற் பைல் கொண்டு வருகினம் சேர்,” என்றாள் அந்தப் பிள்ளை. “ஒரு அலுமாரி நிரம்பீட்டுது. பிறப்புப் பத்திரம், ஓ.எல். றிசல்ட், ஆறாம் வகுப்பிலை பேச்சுப் போட்டியிலை மூண்டாமிடம் வந்த துண்டு. ஒரு பானை, சட்டி இன்னும் வரேல்லை. நாளைக்கு ஆரும் வெளியாலை இருந்து வந்து பாத்தால், குண்டு விழேக்கை இந்தச் சனம் இன்ரர்வியூவுக்குப் போனது எண்டெல்லோ நினைக்கப் போகினம்.”

நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த அலுமாரியின் மேல்தட்டில் இருந்த பைல் என்னுடையது. ஒழுங்கைக்காரன் என்ற உரிமையில் முதல் வாரமே கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன், இடப்பெயர்வின்போது இருந்தபடியே, மஞ்சள் பொலித்தீன் பையோடு, சைக்கிள் ரியூப் வாரால் கட்டி.

ஆனால் அன்று அவர்கள் வந்தது பைலுக்காக அல்ல. அந்தப் பிள்ளை தன் பையிலிருந்து ஒரு கல்வெட்டை எடுத்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் ஒரு சிறு புத்தகம் அச்சடித்துக் கொடுப்பார்கள். முகப்பில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், குடும்ப வரலாறு, தெரிந்தவர்கள் எழுதும் நினைவுரை. இதற்குத்தான் கல்வெட்டு என்று பெயர். கல்வெட்டில் வருகிற எவரும் வாழ்நாளில் ஒரு தடவைகூடக் கோபப்பட்டதில்லை. எல்லோரும் வாரி வழங்கியவர்கள். அதில் அச்சான எதையும் யாரும் மறுத்துப் பேசுவதும் இல்லை. துக்க வீட்டுக்காரரின் மனம் நோகும் என்று விட்டுவிடுவார்கள். இந்தப் பிள்ளைகள் வீடு வீடாகப் பழைய கல்வெட்டுகளை வாங்கி, ஊரின் வரலாற்றை அதிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நல்ல யோசனைதான், நான் எழுதிய நினைவுரை அதற்குள் இல்லாமல் இருந்திருந்தால்.

“இதிலை நீங்கள் ஒரு குழந்தையைக் காப்பாத்தினதெண்டு எழுதியிருக்கிறியள் சேர்,” என்றாள். “உங்கடை குரலிலை அதை எடுக்க வேணும்.”

என்ன எழுதியிருந்தேன் என்பதற்கு முன், நடந்ததைச் சொல்கிறேன்.

தொண்ணூற்றைந்தில், ராணுவம் நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் வீடு வளவை விட்டெழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்த அந்த இடப்பெயர்வில் நாங்களும் நடந்தோம். விடிந்தபோது நாவற்குழிப் பாலத்துக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. சனம் அடி அடியாக நகர்ந்தது. மனைவி இரண்டு பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் போனாள். எனக்கு ஒரு கையில் சைக்கிள், அதன் கரியரில் அரிசி. மறு கையில் பைல். பக்கத்தில் வந்த ஒரு இளம் தாய், தன் கைக்குழந்தையை என் பக்கம் நீட்டினாள். அவளுடைய மூத்த பிள்ளை கூட்டத்தில் பின்னால் விடுபட்டுப் போயிருந்தது.

“ஐயா, ஒருக்காப் பிடியுங்கோ. ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வாறன்.”

“என்ரை கையிலை இடமில்லைப் பிள்ளை,” என்றேன்.

அது பொய்யில்லை. இரண்டு கையிலும் சாமான் இருந்தது. ஒன்றை அரிசி மூட்டைக்கு மேல் வைத்துக் கட்டியிருக்கலாம். மழையில் நனைந்துவிடும் என்று கட்டவில்லை.

எனக்கு இடது பக்கத்தில் தலையில் கூடையோடு ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். கூடையில் கருவாடு. நான் சைவச் சாப்பாட்டுக்காரன். அந்த நெரிசலிலும் மணம் பொறுக்காமல் அவரிடமிருந்து ஒரு முழம் விலகியே நடந்தேன். உயிர் போகிற நேரத்திலும் மூக்கு தன் ஆசாரத்தை விடவில்லை. அவர் கூடையை இறக்கினார். கருவாடு முழுவதையும் தெருவில் கொட்டினார். தோளில் கிடந்த துண்டை உள்ளே விரித்து, குழந்தையை வாங்கி அதில் கிடத்தினார். “போ, போய்க் கூட்டி வா,” என்று தாயிடம் சொன்னார். அதற்குள் பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது. தாய் திரும்பி வந்து சேரவில்லை. நான் கண்ணால் கண்டது அவ்வளவுதான். அந்தப் பெண் இரண்டு நாள் அலைந்து தாயைத் தேடிக் குழந்தையைக் கொடுத்தார் என்பதைப் பிறகு கேள்விப்பட்டேன்.

இனி, இந்தக் கதை எப்படி என்னுடையதாயிற்று என்பது. அதற்குச் செத்தவீடு தெரிய வேண்டும். பிரேதம் எடுக்கும்வரை ஆண்கள் முற்றத்துத் தறப்பாளின் கீழ் பிளாஸ்ரிக் கதிரைகளில் இருப்போம். வெற்றிலைத் தட்டம் சுற்றி வரும். பேப்பர் வாசித்து முடிந்துவிடும். அதன் பிறகு ஆளுக்கொரு இடப்பெயர்வுக் கதை சொல்லியாக வேண்டும். என் முறை வந்த முதல் செத்தவீட்டில், குழந்தையை ஒரு மனுசி தூக்கினார். கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், “அப்ப நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டனீங்களோ மாஸ்டர்?” என்றார். அடுத்த செத்தவீட்டில் நானும் அந்த மனுசியும் மாறி மாறித் தூக்கினோம். சில வருடங்கள் போக, மனுசி நடக்க முடியாமல் பின்தங்கிவிட்டார். கூடை என் சைக்கிள் கரியராக மாறிற்று. கருவாட்டுக்குப் பதிலாக நான் அரிசியைத் தெருவில் கொட்டினேன்.

“அந்த அரிசியைத்தானே பேந்து ஒரு கிழமை கஞ்சி வைச்சுக் குடிச்சனாங்கள்?” என்று ஒருநாள் வீட்டுக்கு வந்தபிறகு மனைவி கேட்டாள். அவள் பெண்கள் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறாள். நான் அதற்குள் உடுப்பு மாற்றப் போய்விட்டேன்.

பிறகு என்னோடு படிப்பித்த கணித ஆசிரியர் காலமானார். அவருடைய மகன் கல்வெட்டுக்கு ஒரு நினைவுரை கேட்டான். எனக்கும் அவருக்கும் இடையில் முப்பது வருடத்தில் நடந்ததெல்லாம் பாட நேர அட்டவணைச் சண்டை. அதை எழுத முடியாது. ஆகவே அந்த இடப்பெயர்வை எழுதினேன். நான் கரியரில் குழந்தையை வைத்து இரண்டு நாள் தள்ளினேன். இறந்தவருக்கு ஒரு பங்கு கொடுக்காமல் கல்வெட்டில் எழுதக் கூடாதல்லவா, ஆகவே அவருக்கு ஒரு குடை கொடுத்தேன். குழந்தை நனையாமல் அவர் கூடவே குடை பிடித்து நடந்தார். உண்மையில் மனிதர் விஷயம் மணந்து இரண்டு நாளுக்கு முன்னமே சாவகச்சேரிக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி அதைப் படித்து அழுதுவிட்டு, “இவர் எனக்கு ஒருநாளும் உதைச் சொல்லேல்லை,” என்றாராம். எப்படிச் சொல்லியிருப்பார்?

அந்தக் கல்வெட்டைத்தான் பிள்ளை என் முன்னால் நீட்டினாள். அப்போதே சொல்லியிருக்கலாம். நான் தொண்டையைச் செருமினேன்.

“குழந்தைக்கு எத்தினை மாசம் இருக்கும் சேர்?”

“எட்டு, ஒன்பது.”

“கரியரிலை இருந்ததோ?”

“ஓம்.”

“ரண்டு நாளும்?”

“ஓம் பிள்ளை. கெட்டிக்காரக் குழந்தை.”

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெடியனின் பேனை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் ஓடியது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவர்கள் போனபின் மனைவி தேத்தண்ணிக் கோப்பைகளை எடுக்க வந்தாள்.

“உங்கடை கதையிலை நான் எங்கை நிண்டனான்?”

“முன்னாலை.”

“நான் திரும்பிப் பாத்தனானோ?”

அவள் திரும்பிப் பார்த்தவள். அந்தத் தாய் கையை நீட்டியதையும் நான் தலையை ஆட்டியதையும் பார்த்தவள். இத்தனை வருடமும் ஒரு சொல் சொல்லாமல் கஞ்சியைப் பற்றி மட்டும் கேட்டவள்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பிள்ளை ஒரு கட்டுப் படங்களோடு வந்தாள். பருத்தித்துறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் என் குரலைப் போட்டிருக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கீறியவை. எல்லாவற்றிலும் நான் இருந்தேன். எனக்கு இல்லாத மீசையை எல்லோரும் ஒரே அளவில் வைத்திருந்தார்கள். ஒருவன் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றியிருந்தான். ஒரு படத்தில் கணித ஆசிரியரின் குடை இரண்டு குடும்பம் படுக்கக்கூடிய அளவில் இருந்தது. அவரை எனக்குப் பிடிக்காமல் போனதற்கு அது நல்ல தண்டனை என்று நினைத்தேன். கூடையோடு ஒரு பெண் எந்தப் படத்திலும் இல்லை. இருப்பதற்கு நான் விடவில்லையே.

பள்ளிக்கூடங்களுக்காக இல்லத்தைத் திறக்கும் நாளில் இந்தப் படங்களும் என் குரலும் முன்னறையில் இருக்கும் என்றாள். பேரப்பிள்ளைகளுக்கு அனுப்ப இரண்டு படங்களைப் போனில் பிடித்துக்கொண்டேன். இதையும் எழுத வேண்டியிருக்கிறது.

அடுத்த கிழமை அவள் தனியாக வந்தாள். தேத்தண்ணி வேண்டாம் என்றாள்.

“ஒரு பிரச்சினை சேர். உங்களிட்டை யோசனை கேக்க வந்தனான். பருத்தித்துறையிலை ஒரு அம்மா இருக்கிறா. வன்னியிலை கடைசிச் சண்டை முடியும் மட்டும் இருந்து வந்தவ. மனுசன், ரண்டு பிள்ளையள், ஒருத்தரும் இல்லை. அஞ்சு மாசமாப் போய்வாறம், அவ வாய் திறக்கேல்லை. போன மாசம் முதல் தடவையா ஒரு கதை சொன்னா. அது உங்கடை கதை சேர். குழந்தை, தாய், பாலம், எல்லாம்.”

நான் மேசையில் கிடந்த பேப்பரை மடிக்கத் தொடங்கினேன்.

“அவ சொன்னவ, அந்த வருசங்களிலை தனக்குச் சொல்லக்கூடிய கதை அது ஒண்டுதானாம். மற்றதெல்லாம் வாய்க்கு வராதாம். அதைச் சொல்லிப் பழகினால் மிச்சத்தையும் சொல்லிப் பாப்பன் எண்டவ. அதுக்கிடையிலை உங்கடை குரலை அந்தப் பள்ளிக்கூடத்திலை போட்டிட்டம். பக்கத்து வீட்டுப் பிள்ளை வகுப்பு வேலைக்கு அவவிட்டைப் போய், அதே கதையைக் கேட்டிட்டுக் கேட்டிருக்கிறாள், ‘மாஸ்டரிட்டைக் கொப்பியடிச்சனீங்களோ ஆச்சி?’ எண்டு. இப்ப அவ கதைக்க மாட்டன் எண்டிட்டா. எங்கடை ஆக்களிலையும் ரண்டு பேர், அவவின்ரையை விடுவம், சேர் படிச்ச ஆள், அச்சிலையும் வந்திருக்கு எண்டு சொல்லினம். என்ன செய்வம் சேர்?”

முப்பது வருடம் பரீட்சை மண்டபத்தில் நடந்தவன் நான். கொப்பியடித்தவன் எப்போதும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான். பயந்து குனிந்திருப்பவன் பார்த்து எழுதவிட்டவன். எத்தனை தடவை கண்டிருக்கிறேன். கண்டும் நான் சொன்னது இது:

“வயது போனால் கேட்டதும் கண்டதும் கலந்துபோறது வழமை பிள்ளை. அவவிலை பிழை சொல்லேலாது.”

கல்வெட்டில் எழுதியதை விட, செத்தவீடுகளில் சொன்னதை விட, இந்த இரண்டு வசனத்துக்காகத்தான் நான் வெட்கப்படுகிறேன். பெருந்தன்மையான குரலில், ஒரு தப்பிப் பிழைத்தவரின் கையில் மிச்சமிருந்த ஒரே கதையையும் அவருக்கு இல்லை என்று தீர்த்துவிட்டேன். அந்தப் பிள்ளை, “சரி சேர்,” என்று எழும்பிப் போனாள்.

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. மனைவி வாசலில் வந்து நின்றாள். இந்தத் தடவை அவள் பகிடி விடவில்லை.

“நான் இத்தினை காலமும் வாய் பொத்திக்கொண்டு இருந்தது, உங்களுக்கு அந்தக் கதை தேவை எண்டபடியால். அவவுக்கு அது உங்களிலும் பாக்கத் தேவையாக் கிடக்கு. நாளைக்கு விடியப் போய்ச் சொல்லுறியள். இல்லாட்டி நான் போய்ச் சொல்லுவன். நான் சொன்னால் அரிசியிலை இருந்து தொடங்குவன்.”

விடியப் போனேன். கனடாக்காரன் வீட்டு முன்னறையில் அந்தப் பிள்ளை படங்களைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தாள். பெடியன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் நின்றபடியே சொன்னேன். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பொய்யாகச் சொன்னபோது இருபது நிமிடம் எடுத்த கதை.

“தெரியும் சேர்,” என்றாள் ஏணியில் நின்றபடி.

“என்னெண்டு?”

“அவ சொன்ன கதையிலை ஒருத்தர் வாறார். சைக்கிளோடை, படிச்ச ஆள் மாதிரி, மஞ்சள் பையிலை ஒரு பைலை நெஞ்சோடை அணைச்சுக்கொண்டு. அந்தத் தாய் முதல் அவரிட்டைத்தான் குழந்தையை நீட்டினவவாம். அந்தப் பை எங்கடை அலுமாரியிலை கிடக்கு.”

பெடியன் முதல் தடவையாக வாய் திறந்தான். “எனக்கு முதல் நாளே தெரியும் சேர். அக்கான்ரை பிள்ளைக்குப் பத்து மாசம். கதிரையிலை வைச்சாலே சரிஞ்சு விழுது. கரியரிலை ரண்டு நாள் என்னெண்டு சேர் இருக்கும்?”

“பிறகேன் நேற்று என்னட்டை வந்து யோசனை கேட்டனீ?” என்று அவளிடம் கேட்டேன். கொஞ்சம் கோபமும் வந்தது. பிடிபட்டவனுக்கு வருமே, அந்தக் கோபம்.

“நீங்களாச் சொல்லுவியள் எண்டு நினைச்சன்.” ஏணியிலிருந்து இறங்கினாள். “சொல்லேல்லை.”

என் குரலை அழித்துவிடும்படி கேட்டேன். அதற்கு அவள் சம்மதிக்கவில்லை.

“அழிக்கிறதெண்டால் பிறகு நாங்கள் என்னத்துக்கு சேர்? எங்களிட்டை வந்த ஒண்டையும் அழிக்க மாட்டம். நீங்கள் இன்னொருக்காச் சொல்லுங்கோ. ரண்டையும் சேர்த்து வைப்பம். முதல் என்ன சொன்னனீங்கள், பிறகு என்ன சொன்னனீங்கள் எண்டு.”

ஆக, என் பொய் எனக்குப் பிறகும் பத்திரமாக இருக்கப் போகிறது. பெட்டி போட்டு, இலக்கம் ஒட்டி, ஈரம் படாமல். அந்தப் பைலைக்கூட நான் அவ்வளவு கவனமாக வைத்திருக்கவில்லை.

அன்றே மூவரும் பஸ் ஏறிப் பருத்தித்துறைக்குப் போனோம். முதலில் பள்ளிக்கூடம். எட்டாம் வகுப்பில் நான் கரும்பலகைக்கு முன்னால் நின்று, குழந்தையைத் தூக்கியது நானல்ல, கருவாடு விற்ற ஒரு பெண், நான் மாட்டேன் என்று சொன்னவன் என்றேன்.

“அப்ப மோட்டச்சைக்கிள்?” என்றான் அதைக் கீறியவன்.

“அதுவும் இல்லை.”

“மீசை?”

“அதுவும் இல்லை அப்பன். இஞ்சை பார்.”

சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபின் நடு வாங்கு வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, “ஏன் சேர் பிடிக்கேல்லை?” என்று கேட்டாள்.

“பைல் நனைஞ்சு போகும் எண்டு,” என்றேன்.

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. கேட்டவள் உட்காரவும் இல்லை. “நான் ஆச்சியைக் கள்ளி மாதிரிக் கேட்டுப்போட்டன்,” என்று தன் மேசையைப் பார்த்துச் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை அவள்தான். பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் ஓட்டோ பிடிப்பதற்குள் அவளுடைய சைக்கிள் எங்களைத் தாண்டிப் போயிற்று.

ஆகவே நாங்கள் போய்ச் சேர்ந்தபோது செய்தி அங்கே எங்களுக்கு முன்பே இருந்தது. கடற்கரைப் பக்கம், வீட்டுத்திட்டத்தில் கட்டிய சின்ன வீடு. அவர் முற்றத்தில் பலகையில் இருந்து சூடை மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு பூனைகள் முறை காத்து நின்றன. என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அவர் முகம் ஞாபகம் இல்லை. அன்று நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“இவர்தானோ?” என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டார். பிறகு என்னிடம், “மஞ்சள் பை எங்கை? இண்டைக்குக் கொண்டரேல்லையோ?”

“அக்கா, நான்…”

“அக்காவோ! உங்களுக்கு என்னிலும் அஞ்சாறு வயது கூட வரும். இருங்கோ. அந்தக் கதிரை ஒரு கால் ஆடும், பாத்து இருங்கோ. காத்து உங்கடை பக்கம்தான் வீசும், மணத்துக்கு என்ன செய்யப் போறியளோ தெரியாது.”

நான் விலகி நடந்ததையும் அவர் கண்டிருக்கிறார். ஆடுகிற கதிரையில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வயது போனால் கலந்துபோகும் என்று அவரைப் பற்றி நான் சொன்னதையும் சொன்னேன். அவர் மீனை விட்டுக் கையை எடுக்கவில்லை. ஒவ்வொரு தலையாகக் கிள்ளிப் பூனைகளுக்கு எறிந்துகொண்டிருந்தார்.

“கொப்பியடிச்சனோ எண்டு கேட்டாள் உந்தப் பெடிச்சி,” என்றார் கடைசியில். “எனக்கு எழுத வாசிக்கவே அரைகுறை. நான் எங்கை மோனை போய்க் கொப்பியடிக்க?”

மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற பிள்ளையின் தலை சட்டென்று கீழே போயிற்று.

“நான் சொன்னதை அழிக்கச் சொல்லிக் கேட்டனான்,” என்றேன். “இவை மாட்டினமாம்.”

“ஏன் அழிக்க? அந்தத் தாய் முதல் உங்களிட்டைத்தானே நீட்டினவ. அதைச் சொல்லாட்டி, பக்கத்திலை ஒரு படிச்ச ஆம்பிளை நிக்கேக்கை ஏன் கருவாட்டுக்காரியிட்டைப் பிள்ளையைக் குடுத்தவ எண்டு நாளைக்குக் கேக்க மாட்டினமோ? நீங்களும் அதிலை நில்லுங்கோ.” கத்தியால் என்னைச் சுட்டினார். “ஆனால் நிண்ட இடத்திலை நில்லுங்கோ. என்ரை இடத்துக்கு வராதேங்கோ.”

பரவாயில்லை, மறந்துவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லுவார் என்று பஸ்ஸில் வரும்போது உள்ளூர ஒரு எண்ணம் எனக்கு இருந்தது. அதை அவர் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. மீன் சட்டியை மூடி, கிணற்றடியில் கை கழுவி, சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

“பிள்ளை, உன்ரை பெட்டியைப் போடு.”

அந்தப் பிள்ளை பதிவுக் கருவியை எடுத்தாள். பெடியன் கொப்பியை விரித்தான். என்னை அனுப்பிவிடட்டுமா என்று அவள் கேட்டாள்.

“இருக்கட்டும். வாய் திறக்காமல் இருக்கிறதெண்டால் இருக்கட்டும்.”

அவர் தொடங்கினார். அன்றைக்குக் கையில் என்ன இருந்தது என்பதிலிருந்து. கூடையின் விளிம்பு ஒரு பக்கம் பிய்ந்திருந்ததாம். குழந்தையின் கன்னத்தில் அது குத்தாமல் இருக்க, துண்டின் நுனியை மடித்து வைத்தாராம். எத்தனை செத்தவீடுகளில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன், எனக்கு இது தெரியாது. தாயிடம் குழந்தையைக் கொடுத்த இடத்துக்கு வந்தார். போன தடவை அங்கேதான் நிறுத்தினாராம். அந்தப் பிள்ளை, “காணும் அம்மா, கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு…” என்று கருவியை நிறுத்தக் கையை நீட்டினாள்.

“நிப்பாட்டாதை மோனை,” என்றார் அவர். “இனித்தான் நாங்கள் வன்னிக்குப் போறம்.”

வெயில் சாயும்வரை சொன்னார். நான் அந்தக் கதிரையிலிருந்து அசையவில்லை.

மேலே அவருடைய கதையில் நான் எழுதியது என் கண்ணால் கண்டதும் பிறகு கேள்விப்பட்டதுமான பகுதியும், அவர் எழுதலாம் என்று சொன்ன கூடை விளிம்பும் மட்டும்தான். வன்னியைப் பற்றி அவர் சொன்னதை நான் எழுதப் போவதில்லை. செத்தவீடுகளில் யாரும் கேட்டாலும் சொல்வதில்லை. அது கொக்குவிலில், எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில், அவருடைய குரலில் இருக்கிறது. திங்கட்கிழமை பூட்டு. மற்ற நாட்களில் போய் அவரிடமே கேளுங்கள்.